அம்பு துளைக்குமா, கேடயம் தாங்குமா? – கேள்வி பதில்

எங்கள் வாசகர் வட்டத்தில் பழங்கால வில், கேடயம், கவசம் பற்றிப் பேசச் சொன்னார்கள். நானும் பேசினேன், கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டேன் போல. கேள்விக்கு நேரமில்லாமல் போயிற்று. எழுதி அனுப்புங்கள் என்றதும் துண்டுத் தாளிலும் வாட்ஸ்அப்பிலும் வந்து குவிந்துவிட்டன. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து, முடிந்தவரை இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

ஈசூனிலிருந்து, தேசிய சேவையில் இருக்கும் தம்பி: அண்ணே, சுத்தி வளைக்காம சொல்லுங்க. அம்பு கவசத்தைத் துளைக்குமா, துளைக்காதா?

எந்த வில், எந்த முனை, எவ்வளவு தூரம், எதிரே எந்தக் கவசம் என்று கேட்காமல் பதில் சொன்னால் அது பொய்யாகிவிடும், தம்பி. இருந்தாலும் மொத்தமாகச் சொல்கிறேன். ஒற்றைத் துணி, மெல்லிய தோல், மெல்லிய பலகை எல்லாம் வலுவான வில்லுக்குக் கிட்டத்தில் தாங்காது. இரும்பு வளையங்களைக் கோத்த சட்டையில் கூர்முனை அம்பு பட்டால் வளையம் பிளக்கலாம்; உள்ளே தடித்த பஞ்சுச் சட்டை போட்டிருந்தால் பெரும்பாலும் ஆள் பிழைப்பான். நல்ல வெண்கலத் தகடோ எஃகுத் தகடோ என்றால் பெரும்பாலும் வில் தோற்கும்.

உங்களுக்குப் புரிகிற கணக்கு ஒன்று. மிக வலுவான போர்வில்லிலிருந்து 80 கிராம் எடையுள்ள அம்பு நொடிக்கு 55 மீட்டர் வேகத்தில் கிளம்பினால் அதன் ஆற்றல் சுமார் 120 ஜூல். நீங்கள் தினமும் துடைத்து வைக்கிற எஸ்ஏஆர் 21 துப்பாக்கியின் குண்டு ஏறத்தாழ 1,700 ஜூல். அந்த 120 ஜூல் வில்லை விட்டுக் கிளம்பும்போதுதான். போகப் போகக் காற்று அதில் கை வைத்துவிடும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பழைய நூல்களில் அம்பு கேடயத்தைத் துளைத்தது என்று எழுதியிருந்தால், எவ்வளவு ஆழம் என்று கேளுங்கள். பலகையில் நாலு விரற்கடை நுழைந்து நின்றாலும் துளைத்ததுதான். கேடயத்தை உடம்பிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தவனுக்கு அதனால் ஒரு கீறல்கூட விழாது.

தெம்பனிஸ் ஆசிரியை: வகுப்பில் மாணவர்கள் கேட்டார்கள். கேடயத்தில் ஓட்டை விழுந்தும் ஆள் தப்பித்ததற்கு நிஜமான சான்று இருக்கிறதா?

இருக்கிறது டீச்சர், அதுவும் எண்ணிப் பார்த்து எழுதி வைத்த சான்று. கி.மு. 48இல் ரோமானிய உள்நாட்டுப் போரில், டைராக்கியம் என்ற இடத்தில் சீசரின் படையும் அவருடைய எதிரி பாம்பேயின் படையும் முட்டிக்கொண்டபோது, சீசரின் ஒரு சிறு கோட்டையைப் பாம்பேயின் ஆட்கள் அம்பு மழையில் நனைத்துவிட்டார்கள். சண்டை ஓய்ந்ததும் உள்ளே விழுந்த அம்புகளைப் பொறுக்கி எண்ணினார்கள், சுமார் 30,000. ஸ்கேவா என்ற செஞ்சூரியனின் (ரோமானியப் படைப்பிரிவு ஒன்றின் தலைவர்) கேடயத்தைச் சீசரிடம் கொண்டுவந்து காட்டினார்கள். அதில் 120 ஓட்டைகள். சீசரே தன் போர்க்குறிப்பில் இதை எழுதியிருக்கிறார். ஸ்கேவா சாகவில்லை, இரண்டு லட்சம் செஸ்டர்ஸ் காசு பரிசும் பதவி உயர்வும் வாங்கினார்.

அதற்காகக் கேடயம் ஜெயித்துவிட்டது என்று முடித்துவிடாதீர்கள். அந்தக் கோட்டைக்குள் காயம்படாத வீரன் ஒருவன்கூட இல்லை என்றும், ஒரே பிரிவைச் சேர்ந்த நான்கு செஞ்சூரியன்கள் கண்ணை இழந்தார்கள் என்றும் அதே குறிப்பு சொல்கிறது. அம்பு எங்கே போய் வேலை பார்த்தது என்று பாருங்கள். கேடயத்துக்கு மேலே எட்டிப் பார்த்தாக வேண்டிய கண், கீழே தெரிகிற கால், வாளைத் தூக்கும்போது வெளியே வரும் கை.

அந்தக் கேடயம் எப்படி இருந்திருக்கும் என்பதும் தெரியும். சிரியாவில் யூஃப்ரடீஸ் ஆற்றங்கரையில் டூரா யூரோப்பஸ் என்ற ஊரைத் தோண்டியபோது ரோமானியக் கேடயம் ஒன்று மண்ணுக்குள் மட்காமல் கிடைத்தது. ஸ்கேவாவின் காலத்துக்குச் சுமார் 300 ஆண்டுகள் பிந்தியது, ஆனால் செய்முறை அதே வழிதான். மெல்லிய மரப்பட்டிகளைக் குறுக்கும் நெடுக்குமாக மூன்று அடுக்காக ஒட்டி, மேலே தோல் போர்த்தி, வளைவாகச் செய்தது. நம் ஊர் பிளைவுட் பலகையேதான். தடிமன் ஒரு சென்டிமீட்டரைக்கூடத் தொடாது. இழை குறுக்காக ஓடுவதால் அம்பு பட்டால் பலகை பிளக்காமல் அம்பைக் கவ்விக்கொள்ளும். ஓட்டை விழும், வழி விடாது.

பிடோக்கிலிருந்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர்: போரஸ் மன்னனின் வில்லாளர்கள் அலெக்சாந்தரிடம் ஏன் தோற்றார்கள்? இந்திய வில் மட்டமா?

மட்டமே இல்லை ஐயா. அலெக்சாந்தர் வரலாற்றை எழுதிய அரியன் இந்திய வில்லைப் பற்றி எழுதியதைப் படித்தால் நமக்கே பெருமையாக இருக்கும். வில் ஆள் உயரம். ஒரு முனையைத் தரையில் ஊன்றி, இடக்காலால் அழுத்தி, நாணை நன்றாகப் பின்னுக்கு இழுத்து எய்வார்கள். அம்பின் நீளம் ஏறத்தாழ மூன்று முழம். இந்திய வில்லாளன் விட்ட அம்பைக் கேடயமும் தடுக்காது, மார்புக் கவசமும் தடுக்காது என்கிறார். சொல்வது எதிர்ப்பக்கத்து ஆள் என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் கி.மு. 326இல் ஜீலம் ஆற்றங்கரைப் போர் நடந்தபோது மழை பெய்து தரை சேறாகிவிட்டது. ஊன்றிய வில் வழுக்கியது என்று கர்ட்டியஸ் என்ற ரோமானிய ஆசிரியர் எழுதுகிறார். கனமான வில்லுக்கு இது ஒரு சாபக்கேடு: ஊன்றி எய்தால் பலம் உண்டு, நகர முடியாது. அதற்குள் குதிரைப்படை பக்கவாட்டில் பாய்ந்துவிட்டது.

எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் வேறு. போரஸ் யானை மேல் இருந்து கடைசிவரை சண்டை போட்டார். ஈட்டியும் அம்பும் வந்து விழுந்தன. அவர் போட்டிருந்த கவசம் அவ்வளவு உறுதி, உடம்புக்கு அவ்வளவு கச்சிதம். எதுவும் உள்ளே போகவில்லை. காயம் பட்டது வலது தோளில் மட்டும். ஈட்டி எறியும் கை அது, அசைவதற்காகத் தோளைத் திறந்து விட்டிருந்தார். இன்னும் சில மாதங்கள் கழித்து மல்லர்களின் கோட்டைச் சுவரிலிருந்து அலெக்சாந்தர் உள்ளே குதித்தாரே, அப்போது கிட்டத்தில் இருந்து பாய்ந்த ஓர் அம்பு அவருடைய மார்புக் கவசத்தைத் துளைத்து நெஞ்சுக்குள் போயிற்று. இரத்தத்தோடு காற்றும் வெளியே வந்ததாக அரியன் எழுதுகிறார். நுரையீரலில் பட்டிருக்க வேண்டும். பியூசெஸ்டஸ் என்ற வீரர் குறுக்கே கேடயம் பிடித்து நின்றிராவிட்டால் கதை அங்கேயே முடிந்திருக்கும். இரண்டு அரசர்கள், இரண்டு நல்ல கவசங்கள், ஒன்று தாங்கியது, இன்னொன்று விட்டுக்கொடுத்தது. தூரமும் அடித்த இடமும்தான் வித்தியாசம்.

தரையில் ஊன்றி எய்கிற வழக்கம் நம்மோடு மட்டும் இருந்ததில்லை. கி.மு. 401-400இல் கிரேக்கக் கூலிப்படையோடு மலைநாட்டைக் கடந்த செனபோன், கார்டூக்கியர் என்ற மலைவாசிகளும் இடக்காலால் வில்லை அழுத்தி எய்தார்கள் என்கிறார். ஒரு வீரனுக்கு அம்பு கேடயத்தையும் சட்டையையும் தாண்டி விலாவில் ஏறியதாம். அந்த அம்புகள் அவ்வளவு நீளம் என்பதால் கிரேக்கர்கள் அவற்றைப் பொறுக்கி, வார் கட்டி, எறியீட்டியாகத் திருப்பி வீசினார்கள்.

சிராங்கூன் வாசகி: புறநானூற்றில் வல்வில் ஓரி விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு எல்லாவற்றையும் துளைத்ததாக வருகிறதே?

வன்பரணர் பாடிய 152ஆம் பாட்டு. கொல்லிமலைத் தலைவனைப் பாடிப் பரிசில் வாங்க வந்த புலவர் கணக்குப் பார்த்துப் பாடுவாரா அம்மா? ரசிக்கலாம், அளக்கக் கூடாது. இப்படிப் புகழ்வது உலக வழக்கம். எகிப்தில் இரண்டாம் அமென்ஹோத்தெப் அரசன் ஓடும் தேரிலிருந்து உள்ளங்கை அகலத் தடிமன் உள்ள செம்புப் பாளங்களை எய்து, அம்பு மறுபக்கம் வந்ததாகக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். அவனுக்கும் ஒரு புலவர் கிடைத்திருப்பார்.

நம் தலைப்புக்கு உதவுகிற புறப்பாட்டு என்றால் நான் 13ஆவதைச் சொல்வேன். முடமோசியார் பாடியது. யானை மேல் வருகிற சோழன் முடித்தலைக் கோப்பெருநற்கிள்ளி புலித்தோல் கவசம் போட்டிருக்கிறான். அம்புகள் பட்டு அந்தக் கவசம் கிழிந்து சிதைந்திருக்கிறது. ஆனால் ஆள் கம்பீரமாக வருகிறான். மிகை இல்லை, போர்க்களத்தில் இருந்து பார்த்தது போல இருக்கிறது. தோல் கவசம் அப்படித்தான்: கிழிபடும், ஆனால் அம்பின் வேகத்தைத் தின்றுவிடும்.

நடுகற்களையும் பாருங்கள். செங்கம், தருமபுரிப் பக்கம் உள்ள கற்களில் கையில் வில்லோடு நிற்கும் வீரன் உடம்பில் அம்புகள் தைத்தபடி செதுக்கப்பட்டிருக்கிறான். ஆநிரை மீட்கப் போன ஊர்க்காரனுக்குக் கவசம் ஏது?

பொங்கோலிலிருந்து ஓர் அப்பா: என் மகள் பள்ளியில் வில்வித்தையை இணைப்பாட நடவடிக்கையாக எடுத்திருக்கிறாள். அவள் வில்லும் பழைய போர்வில்லும் ஒன்றா?

வடிவம் ஒன்று, பலம் வேறு. தொடக்க நிலையில் பிள்ளைகளுக்குக் கொடுப்பது 20 பவுண்டு சுற்றி இருக்கும். அதாவது முழுதாக இழுத்துப் பிடிக்க ஒன்பது கிலோ தூக்குகிற பலம். ஒலிம்பிக்கில் 70 மீட்டர் எய்கிற ஆண்கள் 45 முதல் 50 பவுண்டு. 1545இல் மூழ்கி 1982இல் தூக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் 130க்கும் மேற்பட்ட முழு வில்கள் கிடைத்தன. அவற்றின் இழுபலம் பெரும்பாலும் 100 பவுண்டுக்கு மேல்; சில 180 வரை போகும். நான் சில வருடங்களாகப் பழகியும் 60 பவுண்டில் இரண்டு சுற்றுக்கு மேல் தோள் ஒத்துழைக்க மறுக்கிறது. அந்தக் கப்பலில் கிடைத்த சில எலும்புக்கூடுகளில் தோள் எலும்பின் நுனி ஒட்டி வளராமல் தனியாகவே நின்றிருக்கிறது. சின்ன வயதிலிருந்து கனமான வில்லை இழுத்ததால் வந்தது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மகளிடம் பலத்தை மெதுவாக ஏற்றச் சொல்லுங்கள்.

ஜூரோங் தம்பி: ரோமானியப் படையைப் பார்த்தியர்கள் அம்பாலேயே அழித்தார்கள் என்று படித்தேன். அப்படியானால் கேடயம் தோற்றதுதானே?

கி.மு. 53, கார்ரே என்ற ஊர்; எதிரே இன்றைய ஈரான் பக்கத்துப் பார்த்தியர்கள். இந்தப் போரைத்தான் எல்லாரும் தூக்கிக்கொண்டு வருவார்கள். ரோமானியத் தளபதி கிராசஸ் தன் படையைச் சதுரமாக நிறுத்தினார். பார்த்தியக் குதிரை வில்லாளர்கள் சுற்றிச் சுற்றி வந்து எய்தார்கள். அம்பு தீர்ந்தால் போய்விடுவார்கள் என்று ரோமானியர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். தீரவில்லை. பார்த்தியத் தளபதி சுரேனா ஒட்டகங்களில் அம்புக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். என்னைக் கேட்டால் அன்று ஜெயித்தது ஒட்டகம்தான்.

புளூட்டார்க் என்ற கிரேக்க ஆசிரியர் ஒரு காட்சி எழுதுகிறார். மகன் கிராசஸ் தன் வீரர்களை எதிரி மேல் பாயச் சொல்கிறார். அவர்கள் கைகளைக் காட்டுகிறார்கள். கை கேடயத்தோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருக்கிறது. கால்களைக் காட்டுகிறார்கள், பாதம் தரையோடு தைக்கப்பட்டிருக்கிறது. ஓடவும் முடியாது, சண்டை போடவும் முடியாது. இதில் புளூட்டார்க்கின் எழுத்து மெருகு கொஞ்சம் இருக்கலாம். ஆனாலும் அம்பு பட்ட இடங்கள் கையும் காலும் என்பது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

இப்போது மறுபக்கம் பாருங்கள். நாள் முழுக்க அடி வாங்கியும் பெரிய சதுரம் இருட்டும்வரை உடையவில்லை. பேரழிவு வந்தது இரவில் பின்வாங்கும்போதும் அடுத்த நாட்களிலும். காயம்பட்ட சுமார் 4,000 பேரை விட்டுவிட்டுப் போனார்கள்; அவர்கள் வெட்டப்பட்டார்கள். மொத்தம் 20,000 பேர் மாண்டார்கள், 10,000 பேர் பிடிபட்டார்கள் என்பது புளூட்டார்க் கணக்கு. ஆக, கேடயம் உயிரைக் காத்தது, ஆனால் தண்ணீர் கொடுக்கவில்லை, தூக்கம் கொடுக்கவில்லை, எதிரியைத் துரத்திப் பிடிக்கவும் விடவில்லை. வில்லின் பலத்தை அம்புமுனையில் மட்டும் தேடினால் இதெல்லாம் கண்ணில் படாது.

பதினைந்து வருடம் கழித்து, கி.மு. 38இல், வெண்டிடியஸ் என்ற ரோமானியத் தளபதி அதே பார்த்தியர்களைத் தோற்கடித்தார். மேட்டில் நின்று அவர்களைக் கிட்டே வரவிட்டு, வில் வேலை செய்ய இடமில்லாதபடி மேலே பாய்ந்தார், கவண்காரர்களையும் வைத்திருந்தார்.

அதே தம்பி, தொடர்ந்து: அப்போ மாரத்தான் போரில் பாரசீகர்கள் ஏன் அதைச் செய்ய முடியவில்லை?

கிரேக்கர்கள் நின்று வாங்கவில்லை, ஓடிப் போய் மோதிவிட்டார்கள். அம்பு ஆபத்தான தூரம் கடைசி 200 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கவசத்தோடு ஓடினாலும் ஒரு நிமிடத்தில் கடந்துவிடலாம். அதற்குள் ஒரு வில்லாளன் ஏழெட்டு அம்பு விடலாம், அவ்வளவுதான். எதிரே வருவது சுமார் 90 சென்டிமீட்டர் அகலமுள்ள வட்டமான மரக் கேடயம், மேலே வெண்கலத் தகடு. தலையில் வெண்கலத் தலைக்கவசம், முழங்காலுக்குக் கீழே வெண்கலக் காப்பு. கி.மு. 490இல் அங்கே செத்த ஏதன்ஸ்காரர்கள் 192 பேர் என்கிறார் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ்.

அதே கேடயத்தை வைத்துக்கொண்டு ஓட முடியாத இடத்தில் மாட்டினால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்ஃபாக்டீரியா தீவு. கி.மு. 425. ஸ்பார்ட்டா படையினர் 420 பேர் தீவில் அகப்பட்டார்கள். ஏதன்ஸ் பக்கத்து வில்லாளர்களும் எறியீட்டிக்காரர்களும் நாலு பக்கமும் நின்று அடித்துவிட்டு, துரத்தினால் ஓடினார்கள். 292 பேர் கடைசியில் சரணடைந்தார்கள். ஸ்பார்ட்டாக்காரன் சரணடைவதா என்று கிரேக்கமே வாயைப் பிளந்தது. பிற்பாடு ஒருவன் ஒரு கைதியிடம், "செத்துப்போன உங்கள் ஆட்கள்தான் வீரர்களோ?" என்று குத்தலாகக் கேட்டானாம். வீரன் யார் என்று பார்த்துத் தைக்கிற அம்பு இருந்தால் அதற்கு நல்ல விலை கொடுக்கலாம் என்று பதில் வந்தது. கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதி வைத்தது.

உட்லண்ட்ஸ் வாசகர்: துணியை அடுக்கிச் செய்த கவசம் அம்பைத் தாங்கும் என்று அன்றைய பேச்சில் சொன்னீர்கள். நம்பவே முடியவில்லை.

நான் ஒன்றும் சும்மா சொல்லவில்லை. அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் கிரீன் பே வளாகத்தில் ஒரு குழு லினன் துணியை அடுக்கடுக்காக ஒட்டி, ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் தடிமனில் கவசம் செய்து எய்து பார்த்தார்கள். அந்தக் காலத்து அம்புகளில் பெரும்பாலானவற்றை அது தாங்கியது. பழையவர்கள் பசை போட்டு ஒட்டினார்களா, நெருக்கமாகத் தைத்தார்களா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். துணி வேலை செய்யும் என்பதில் சண்டை இல்லை. அலெக்சாந்தர் காகமேலாப் போரில் போட்டிருந்தது, அதற்கு முன் இசஸ் போரில் பாரசீகர்களிடம் கொள்ளையடித்த இரட்டை மடிப்பு லினன் கவசம் என்கிறார் புளூட்டார்க். கையில் எந்த உலோகமும் கிடைக்கக்கூடிய மனிதர் அவர். வெயிலில் வெண்கலத்தைச் சுமந்து பார்த்தவர்களுக்குத் துணியின் அருமை தெரியும்.

சிலுவைப்போர்க் காலத்தில் இதற்கு ஒரு கண்கண்ட சாட்சி உண்டு. சிலுவைப்படையை எதிர்த்த சுல்தான் சலாவுதீனோடு இருந்த பகாவுத்தீன், 1191இல் கடற்கரையோரம் நடந்துபோன சிலுவைப்படைக் காலாட்களைப் பற்றி எழுதுகிறார்: தடித்த கம்பளிச் சட்டை, அதோடு வளையச் சட்டை, முதுகில் பத்து அம்பு வரை தைத்து நிற்க, அவர்கள் வரிசை கலையாமல் நடந்துகொண்டே இருந்தார்கள்.

பூன் லே வாசகர்: அம்புமுனையிலேயே கவசத்துக்கு ஒன்று, குதிரைக்கு ஒன்று என்று இருந்ததா?

இருந்தது. அகலமான இலை வடிவ முனை சதையை அறுத்து இரத்தம் வடிய வைக்கும்; வேட்டைக்கும் குதிரைக்கும் அது. கோணி ஊசி மாதிரி ஒடுங்கிய முனை வளையச் சட்டைக்கு. புல்வெளிக் குதிரை வில்லாளர்களான ஸ்கித்தியர்களும் பாரசீகர்களும் சிறிய மூன்று பட்டை வெண்கல முனைகளை வார்த்துக் குவித்தார்கள். தெர்மோபிலேயில் பாரசீகர்களை எதிர்த்துக் கிரேக்கர்கள் கடைசியாக நின்ற குன்றில் 1939இல் தோண்டியபோது அம்புமுனைகள்தான் வந்தன. ஒன்று சொல்லலாம்: கவசத் தகட்டைவிட முனை கடினமாக இல்லாவிட்டால் மடங்கிவிடும். இடைக்கால இங்கிலாந்தின் நீண்ட ஊசிமுனைகளைப் பரிசோதித்ததில் அவை சாதாரண இரும்பு என்று தெரிந்தது.

அங் மோ கியோவிலிருந்து ஒருவர்: மங்கோலிய, துருக்கிய வில்தான் உலகிலேயே சிறந்தது என்கிறார்களே. நம் பக்கம் ஏன் பரவவில்லை?

நம் பக்கத்துக் காற்றைக் கேளுங்கள். அந்த வில் உள்ளே மரம், வயிற்றுப்பக்கம் கொம்பு, முதுகில் விலங்கின் நரம்பு, எல்லாவற்றையும் பிடித்து வைப்பது தோலிலிருந்தோ மீனிலிருந்தோ காய்ச்சிய பசை. வறண்ட புல்வெளியில் அருமையாக உழைக்கும். சிங்கப்பூரில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். எனக்குத் தெரிந்த ஒருவர் துருக்கிய முறையில் செய்த வில் ஒன்றை ஆசையாக வாங்கிச் சுவரில் மாட்டினார். சில மாதத்தில் நுனிப்பக்கம் நரம்புப் படலம் லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றது. நகத்தை விட்டால் உள்ளே போகும். இப்போது கேமரா லென்ஸ் வைக்கிற உலர்பெட்டியில் குறுக்குவாட்டில் படுத்திருக்கிறது, லென்ஸ்கள் வெளியே.

இது பழைய பிரச்சினைதான். கி.மு. 190இல் மக்னீசியாப் போரில் காலைப் பனிமூட்டத்தின் ஈரம், ரோமானியர்களை எதிர்த்த அந்தியோக்கஸ் அரசனின் படை வில்களைத் தளர்த்திவிட்டது என்கிறார் ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி. மழை நாட்டுக்கு மூங்கில்தான் சரி. பாரசீக அரசன் செர்க்சஸின் படையில் வந்த இந்தியர்கள் பருத்தி உடையும், மூங்கில் வில்லும், இரும்பு முனை வைத்த மூங்கில் அம்பும் வைத்திருந்தார்கள் என்று ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார்.

காலாங்கிலிருந்து பாட்டி ஒருவர், பேரன் கையால் எழுதியது: மலாய்க்காரர்களின் ஊதுகுழல் அம்பு கவசத்துக்கு ஆகுமா?

ஆகாது பாட்டி. தடித்த துணியே போதும், நின்றுவிடும். ஆனால் ஈப்போ மரத்துப் பாலைத் தடவி, திறந்திருக்கும் கழுத்திலோ காலிலோ பட்டுவிட்டால் சின்னக் கீறலே ஆளை முடித்துவிடும். 1511இல் மலாக்காவைப் பிடிக்க வந்த போர்த்துகீசியர்கள் பீரங்கியோடு வந்தும் நச்சு அம்புக்கு ஆட்களைப் பறிகொடுத்தார்கள்.

பேரன், தன் பங்குக்கு: படத்தில் ஹீரோ ஒரே நேரத்தில் மூணு அம்பு விடுறாரே?

விடலாம் கண்ணா. வில்லின் பலம் மூன்றாகப் பிரிந்துவிடும், மூன்றும் மூன்று பக்கம் போகும். எதிரி சிரித்துக்கொண்டே வருவான்.

சுவா சூ காங் பொறியாளர்: பிரான்சில் நடந்த அஜின்கோர்ட் போரில் நீள்வில் எஃகுக் கவசத்தைத் துளைத்ததால்தான் இங்கிலாந்து வென்றது என்பது சரியா?

பழங்காலத்தைவிட்டு 1415க்கு வந்துவிட்டீர்கள், பரவாயில்லை, சோதனை அதிகம் நடந்திருப்பது இதில்தான். 2019இல் இங்கிலாந்தில் 160 பவுண்டு வில்லை வைத்து, அக்கால முறையில் அடித்துச் செய்த மார்புத் தகட்டை எய்து படம் பிடித்தார்கள். தகட்டில் பள்ளம் விழுந்தது, ஓட்டை விழவில்லை. அம்புத் தண்டு தகட்டில் பட்டுச் சிதறி, சிம்புகள் கழுத்தை நோக்கி மேலே பாய்ந்ததுதான் பார்க்கப் பயங்கரம். மார்புத் தகடுகளின் மேல்பக்கத்தில் ஆங்கில வி எழுத்து வடிவில் ஒரு வரம்பு வைத்தது எதற்கென்று அதைப் பார்த்தால் புரியும். வளையச் சட்டை மட்டும் இருந்த இடங்களில் அம்பு உள்ளே போயிற்று.

போரில் நடந்தது வேறு. அன்று குதிரைகளுக்கு உடம்பு முழுக்கக் கவசம் இல்லை. அடிபட்டுத் திரும்பித் தங்கள் ஆட்கள் மேலேயே ஓடின. உழுத வயல், மழைச் சேறு. அம்புக்குப் பயந்து முகமூடியை இறக்கிவிட்டுக் குனிந்தபடியே சேற்றில் நடந்து வந்த பிரெஞ்சுப் பிரபுக்கள் மூச்சு வாங்கிப்போய் நின்றார்கள். அம்பு தீர்ந்ததும் ஆங்கில வில்லாளர்கள் வாளையும் சம்மட்டியையும் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள்.

ஈசூன் தம்பி மறுபடியும்: இன்றைய குண்டு துளைக்காத சட்டை அம்பைத் தாங்குமா?

உள்ளே தகடு செருகியிருந்தால் தாங்கும். வெறும் கெவ்லார் துணி மட்டும் என்றால் நம்பாதீர்கள். குண்டு மழுங்கித் தட்டையாகும், அப்போது இழை அதைப் பிடிக்கும். கூர்முனை இழைகளை விலக்கிக்கொண்டு போய்விடக்கூடும். முகாமில் சோதித்துப் பார்த்துவிட்டு என் பெயரைச் சொல்லாதீர்கள்.

மருத்துவமனையில் தாதியாக இருக்கும் சகோதரி: உடம்பில் தைத்த அம்பை அப்படியே பிடுங்குவார்களா? நாங்கள் குத்திய பொருளை எடுக்கவே கூடாது என்று படித்திருக்கிறோம்.

இழுத்துப் பார்த்தவர்கள் பலர் வருத்தப்பட்டார்கள். தண்டு கையோடு வந்துவிடும், முனை உள்ளே தங்கிவிடும். பின்னோக்கிய கொக்கி இருந்தால் வரும் வழியெல்லாம் கிழிக்கும். அதனால் ரோமானிய மருத்துவ ஆசிரியர் செல்சஸ், வந்த வழியே எடுப்பதா, மறுபக்கம் கீறித் தள்ளி எடுப்பதா என்று முதலில் முடிவு செய்யச் சொல்கிறார். நம் நாட்டில் சுஸ்ருதர் உடம்பில் தைத்த பொருளை எடுக்கப் பதினைந்து வழிகளை வரிசைப்படுத்தியிருக்கிறார்.

நீங்கள் ரசிக்கக்கூடிய நோயாளி ஒருவர் உண்டு. 1403, ஷ்ரூஸ்பெரிப் போர். இங்கிலாந்து இளவரசர் ஹென்றிக்கு வயது 16. உடம்பெல்லாம் கவசம், ஆனால் முகத்தில் அம்பு. தண்டை உருவிவிட்டார்கள், முனை சுமார் ஆறு அங்குல ஆழத்தில் எலும்பில் மாட்டிக்கொண்டது. ஜான் பிராட்மோர் என்ற அறுவை மருத்துவர் காயத்தைத் தேன் தடவிய குச்சிகளால் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக அகலப்படுத்தினார். பிறகு தானே வடிவமைத்த ஒரு மெல்லிய இடுக்கியை உள்ளே விட்டார். அதன் நடுவில் ஒரு திருகு. அம்புமுனையின் குழிக்குள் இடுக்கியை நுழைத்துத் திருகினால் இடுக்கி விரிந்து முனையை உள்ளிருந்து பிடித்துக்கொள்ளும். அசைத்து அசைத்து வெளியே எடுத்தார். காயத்தை வெள்ளை ஒயினால் கழுவி, மறுபடி தேன் வைத்துக் கட்டினார். சீழ் பிடிக்கவில்லை. பன்னிரண்டு வருடம் கழித்து அஜின்கோர்ட்டில் வில்லாளர்களை நிறுத்தி வைத்த ஐந்தாம் ஹென்றி இவர்தான்.